மூன்றாவது மாடி ஃபிளாட், ஒரு பூனை, கீழே பார்க்கிங்கில் நாய்க்குட்டி: எடுக்கலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சென்னை மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடியில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட். கணவன், மனைவி, எட்டு வயதுப் பையன், மாமியார். கூடவே நான்கு வயதுப் பெண் பூனை, கருத்தடை ஆனது, குட்டியிலிருந்தே இந்த வீட்டில் வளர்ந்தது, நாயை ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. பையன் ஒரு வருடமாக நாய் வேண்டும் என்று உயிரை எடுக்கிறான். இப்போது கார் பார்க்கிங்கில் ஒரு தெரு நாய் ஐந்து குட்டி போட்டிருக்கிறது. அதில் ஒன்றைத் தூக்கி வரலாமா, பூனையைக் கடித்துவிடுமா, பூனை வீட்டை விட்டுப் போய்விடுமா?

நான் நங்கநல்லூரில் இருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருடமாக, தத்துக்குப் போகிற வரைக்கும் நாய்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன், சொந்தமாக எப்போதும் ஒரு பூனை உண்டு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: எடுக்கலாம், ஆனால் பையனுக்காகத் தேர்வு செய்யாதீர்கள், பூனைக்காகத் தேர்வு செய்யுங்கள். பையன் எந்த நாய் வந்தாலும் கொண்டாடுவான். பூனைக்குத்தான் தன் வீட்டில் தினமும் அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், அதுவும் யாரும் அதைக் கேட்காமல்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாயும் பூனையும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துத் தூங்குகிற வீடியோக்களைப் பார்த்துவிட்டு யாரும் நாய் வாங்க வேண்டாம். அப்படி நடந்தால் அதிர்ஷ்டம். நீங்கள் குறி வைக்க வேண்டியது அதைவிடச் சாதாரணமான விஷயம்: நாய்க்குப் பூனை சலித்துப் போக வேண்டும். பூனை குறுக்கே நடந்தால், ஃபேன் சுற்றுவதைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி தலையைக் கீழே போட்டுப் படுக்க வேண்டும். நம் ஊரில் பகை என்றாலே எலியும் பூனையும், கீரியும் பாம்பும் என்றுதான் வாயில் வரும். நாய் பூனை விஷயம் அந்த அளவுக்குப் பரம்பரைப் பகை கிடையாது. ஓடுவதைத் துரத்துவது நாயின் குணம், துரத்தினால் ஓடுவது பூனையின் குணம், இரண்டும் ஒரே ஹாலில் இருப்பதுதான் சிக்கல்.

சரி, குட்டியா வளர்ந்த நாயா. எல்லோரும் குட்டி என்றால் சுலபம் என்கிறார்கள். பாதி உண்மை. நாய்க்குட்டி மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரைக்கும் யாரையெல்லாம் நிம்மதியாகப் பழகிப் பார்க்கிறதோ அவர்களைத் தன் ஆட்களாக எடுத்துக்கொள்ளும், அதற்குள் பூனையைப் பார்த்து வளர்ந்தால் நல்லதுதான். உடம்பு சிறிது என்பதால் பூனையை எதுவும் செய்துவிட முடியாது, பூனை ஒரு அறை விட்டால் பாடம் கற்றுக்கொள்ளும். ஆனால் குட்டிக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை வாலைப் பிடிக்க ஓடும், பூனை சீறினால் அதையும் விளையாட்டு என்று நினைத்துக்கொள்ளும், அறை வாங்கிவிட்டு மறுபடி போகும். நான்கு வருடமாக ராணி மாதிரி இருந்த பூனைக்கு இது நரகம்.

என்னைக் கேட்டால் மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கும், குணம் தெரிந்த நாட்டு நாய், அதுவும் ஏற்கெனவே பூனை இருக்கிற வீட்டில் தற்காலிகமாக வளர்ந்தது கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுப்பேன். சென்னையில் வளர்ந்த நாட்டு நாய்களுக்குப் பஞ்சமில்லை. கிண்டியில் இருக்கும் ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு (1959இல் இந்த ஊரில்தான் ஆரம்பித்தார்கள்) முதல் தனி ஆட்களாக நாய்களைக் காப்பாற்றி வீடு தேடித் தருகிறவர்கள் வரை நிறையப் பேர் இருக்கிறார்கள். குட்டிகளை உடனே கொண்டு போய்விடுகிறார்கள், வளர்ந்தவைதான் மாதக்கணக்கில் காத்துக் கிடக்கின்றன.

இனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிப்பிப்பாறை, கன்னி நாய்கள் இரண்டும் முயல் துரத்துவதற்காகவே வளர்க்கப்பட்டவை. கண்ணில் பட்டது ஓடினால் அவற்றின் கால் தானாகக் கிளம்பிவிடும். பூனையோடு பழகிய சிப்பிப்பாறையை நானே பார்த்திருக்கிறேன், ஆனால் முதல்முறையாக நாய் வளர்க்கிற வீட்டுக்கு, அதிலும் பூனை இருக்கிற வீட்டுக்கு, இந்த இரண்டையும் சொல்ல மாட்டேன். ராஜபாளையமும் வேட்டை நாய்தான், அதற்கும் இதே பதில்.

எந்த வளர்ந்த நாயாக இருந்தாலும் எடுப்பதற்கு முன் பூனை இருக்கும் இடத்தில் வைத்து ஒரு தடவை பாருங்கள். நாய் செயினில் இருக்கட்டும், பூனை இருபதடி தள்ளி, மேலே ஏறிக்கொள்ள வழி உள்ள இடத்தில் இருக்கட்டும். நாய் பூனையைப் பார்க்கும், காதை நிமிர்த்தும், அது பரவாயில்லை. அந்த நேரத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்டு மூக்குக்குப் பக்கத்தில் ஒரு துண்டு வேகவைத்த சிக்கனைக் காட்டுங்கள். இரண்டு மூன்று நொடியில் தலையைத் திருப்பினால் அந்த நாயோடு வேலை செய்யலாம். வாயை இறுக மூடிக்கொண்டு, உடம்பு விறைத்து, கண்ணை எடுக்காமல், சன்னமாக முனகிக்கொண்டு, சிக்கன் மூக்கில் இடித்தாலும் தெரியாமல் நின்றால் அது எவ்வளவு அழகான நாயாக இருந்தாலும் உங்கள் வீட்டுக்கு இல்லை. பலர் குரைக்கிற நாயைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். நான் பயப்படுவது குரைக்காமல் முறைக்கிற நாய்க்குத்தான்.

நாய் வருவதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டைத் தயார் செய்யுங்கள். பூனைக்குத் தரையில் கால் வைக்காமல் ஹாலிலிருந்து ஒரு பெட்ரூம் வரைக்கும் போக வழி வேண்டும், அவ்வளவுதான் விஷயம். புதிதாகக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. ஃபிரிட்ஜ் தலையில் இருக்கிற பழைய பேப்பரையும் தட்டையும் எடுத்துவிட்டு ஒரு துண்டு விரியுங்கள். பீரோ மேலே இருக்கும் சூட்கேஸை ஒரு பக்கமாக நகர்த்துங்கள். லாஃப்ட்டில் ஒரு ஓரம். சமையலறைக் கடப்பாக்கல் ஷெல்ஃபில் மேல் தட்டு என்றால் மாமியாரிடம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், அங்கே பித்தளைப் பாத்திரம் இருந்தால் பூனை பாய்கிற வேகத்தில் எல்லாம் கீழே வந்துவிடும், அந்தச் சத்தத்தில் நாயும் மிரளும். பால்கனிக்குப் புறா வலை அடித்திருக்கிறீர்களா? இல்லையென்றால் முதலில் அது. மிரண்ட பூனை மூன்றாவது மாடி என்று பார்க்காது.

அப்புறம் லிட்டர் பாக்ஸ். நாகரிகமாகச் சொல்ல வழியில்லை, நாய்க்குப் பூனையின் கழிவு பலகாரம் மாதிரி. சாப்பிடும். அதைவிட முக்கியம், பூனை உட்கார்ந்திருக்கும்போது நாய் வந்து மூக்கை நீட்டினால் பூனை அந்த இடத்தையே வெறுத்து சோபாவில் போக ஆரம்பிக்கும். இரண்டாவது பாத்ரூமிலோ வாஷிங் மெஷின் இருக்கும் பால்கனியிலோ பாக்ஸை வைத்து, கதவு முழுதாகத் திறக்காமல் நான்கைந்து விரல் அகலம் மட்டும் திறந்து நிற்கிற மாதிரி உள்ளே ஒரு கொக்கியும் சின்ன சங்கிலியும் மாட்டுங்கள். பூனை நுழையும், நாய் நுழையாது. குட்டி நாயென்றால் அதுவும் நுழைந்துவிடும், அப்போது பாக்ஸை உயரத்தில் வைக்க வேண்டும். பூனைச் சாப்பாடும் இனிமேல் உயரத்தில்தான். பூனைத் தீவனத்தில் புரதமும் கொழுப்பும் அதிகம், நாய் அதைத் தின்றால் வயிறு கெடும். நாய்ச் சாப்பாட்டைப் பூனைக்கு வைக்கலாமா என்றால் கூடாது. பூனைக்கு டாரின் என்ற சத்து உணவிலிருந்தே கிடைத்தாக வேண்டும், அது குறைந்தால் நாளடைவில் கண்ணும் இதயமும் கெடும். மாமியார் நாய்க்குத் தயிர்சாதம் பிசைந்து போடட்டும், அதில் தப்பில்லை, பூனை தட்டில் மட்டும் வேண்டாம்.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்கிறேன். முதல் நாயைக் கொண்டுவந்த அன்று, ஞாயிற்றுக்கிழமை, சொந்தக்காரர்கள் எல்லாம் பார்க்க வந்திருந்தார்கள். யாரோ "ரெண்டையும் பழக்கி விடுங்க" என்றார்கள், நானும் பெருமையாகப் பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு போய் நாய் முகத்துக்கு நேரே நீட்டினேன். நாய் ஒன்றும் செய்யவில்லை, மோந்துதான் பார்த்தது. பூனை என் முன்கையில் மணிக்கட்டிலிருந்து முட்டி வரைக்கும் நான்கு கோடு போட்டுவிட்டு, என் தோள் மேல் ஏறி, அங்கிருந்து பூஜை ஷெல்ஃபுக்குத் தாவி, விளக்கைத் தள்ளிவிட்டு, லாஃப்ட்டில் கொலு பொம்மைப் பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. இரண்டு நாள் இறங்கவில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்பார்களே, அதேதான். அந்த ஐந்து நிமிடத்தைச் சரிசெய்ய எனக்கு மூன்று மாதம் ஆனது.

ஆகவே பூனையை ஒருபோதும் தூக்கிக்கொண்டு போய்க் காட்டாதீர்கள். நாய் வந்த முதல் மூன்று நாள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே வேண்டாம். நாய்க்கு ஒரு ரூம், கதவு சாத்தியிருக்கட்டும். ஒரு பழைய துண்டை எடுத்துப் பூனையின் கன்னத்தில் தேயுங்கள் (வாசனைச் சுரப்பி அங்கேதான் இருக்கிறது), அதை நாய் சாப்பிடும் தட்டுக்கு அடியில் விரியுங்கள். நாயின் மேல் தேய்த்த துண்டைப் பூனைச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில். மூடிய கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நேரத்தில் இரண்டுக்கும் சாப்பாடு வையுங்கள். பூனை தட்டைத் தொடவில்லையென்றால் கதவுக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம், பத்தடி தள்ளி வையுங்கள், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள்.

கதவோரம் இரண்டும் நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகு கண்ணால் பார்க்க விடலாம். இதற்குக் கம்பி வலைக் கதவு அருமையானது. நைலான் கொசுவலை வேண்டாம், ஒரு பாய்ச்சலில் கிழியும். தச்சரிடம் சொன்னால் மரச்சட்டத்தில் இரும்பு வலை அடித்து இடுப்பு உயரத்துக்கு ஒரு அரைக் கதவு செய்து தருவார். பூனை அதைத் தாண்டிப் போகும், நாய் பெரும்பாலும் தாண்டாது, குட்டி பெரிதான பிறகும் பயன்படும்.

நேருக்கு நேர் என்று வரும்போது, நாயைக் காலையில் நன்றாக நடத்திக் களைப்பாக்கிக் கொண்டுவாருங்கள், செயின் உங்கள் கையில், நீங்கள் தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். பூனை வந்தால் வரட்டும், வராவிட்டால் கூப்பிட வேண்டாம். நாய் பூனையைப் பார்க்கும், அந்த நொடியில் பேர் சொல்லுங்கள், திரும்பினால் ஒரு துண்டு சிக்கன். மறுபடி பார்க்கும், மறுபடி பேர், மறுபடி சிக்கன். ஒரு பத்துத் தடவைக்குப் பிறகு நாய் பூனையைப் பார்த்துவிட்டுத் தானாகவே உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும், எங்கே என் சிக்கன் என்று. அந்தத் திருப்பம்தான் நமக்கு வேண்டியது. ஐந்து நிமிடம் போதும், நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே முடித்துவிடுங்கள். பூனை சீறினால் பூனையைத் திட்டக் கூடாது. நாய் உறுமினால் அடிக்கவும் கூடாது. அடித்தால் நாய் கற்றுக்கொள்வது "பூனை வந்தால் எனக்கு அடி விழுகிறது" என்பதைத்தான், பூனை மேல் அதற்கு வெறுப்புதான் வளரும். பூனை நகத்தின் நுனியை மட்டும் லேசாக வெட்டிவிடுங்கள், நாயின் கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரிதான்.

வாலைப் பார்த்து ஏமாறாதீர்கள். பூனை வாலை அப்படியும் இப்படியும் வீசினால் எரிச்சலில் இருக்கிறது என்று அர்த்தம், நாய் மாதிரி சந்தோஷம் இல்லை. இதை எட்டு வயதுப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தால் உங்களைவிட நன்றாகக் கவனிப்பான். அவனுக்கு இன்னொரு வேலையும் கொடுங்கள்: தினமும் ஒரே நேரத்தில், நாய் இல்லாத ரூமில், பூனையோடு பத்து நிமிடம். வீட்டில் புதுக் குழந்தை பிறந்தால் மூத்ததைத் தனியாகக் கொஞ்சுகிறோமே, அது மாதிரி.

எத்தனை நாள் ஆகும் என்று கேட்பீர்கள். நாய் தத்தெடுக்கிறவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: பயம் தெளிய, வீட்டு வழக்கம் புரிய, இது என் வீடு என்று தோன்ற. பூனைக்கும் ஏறக்குறைய அப்படித்தான். ஒரு மாதமாவது எந்தத் துரத்தலும் இல்லாமல் போன பிறகுதான் இரண்டையும் தனியாக விட்டுவிட்டு வெளியே போக வேண்டும். அதுவரைக்கும் கடைக்குப் போகிற பத்து நிமிடத்துக்கும் நாய் ரூமின் முழுக் கதவைச் சாத்துங்கள்.

இந்த நாட்களில் பூனை சாப்பிடுகிறதா, சிறுநீர் போகிறதா என்று தினமும் பாருங்கள். ஒரு நாள் முழுக்க ஒன்றுமே தின்னவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். பூனை, அதுவும் குண்டுப் பூனை, சில நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து ஆபத்தாகிவிடும். "பசிச்சா தானா வரும்" என்பது பூனை விஷயத்தில் செல்லாது.

அடுத்தது உண்ணி. இதைத்தான் எல்லோருக்கும் தொண்டை கிழியச் சொல்கிறேன். சென்னையில் நாய்க்கு உண்ணி வருடம் முழுக்க உண்டு, உண்ணிக் காய்ச்சலில் எத்தனையோ நாய்கள் போகின்றன, அதனால் மருந்து போடத்தான் வேண்டும். ஆனால் நாயின் முதுகில் விடுகிற சொட்டு மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. நாய்க்கு ஒன்றும் செய்யாது, பூனைக்கு விஷம். பூனையின் உடம்புக்கு அதை உடைத்து வெளியேற்றும் சக்தி ரொம்பக் குறைவு. ஒரு தடவை கடையில் பூனையும் இருக்கிறது என்று சொல்லித்தான் கேட்டேன், "ரெண்டுக்குமே போடலாம் சார்" என்று ஒரு சின்ன டியூபைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தால் பெர்மெத்ரின். கை கால் வெலவெலத்துவிட்டது. பூனைமேல் நேரடியாகப் போட்டால்தான் என்றில்லை, மருந்து காயாத நாயை நக்கினாலோ அதன்மேல் சாய்ந்து படுத்தாலோ போதும். நடுக்கம், தசை துடிப்பு, வலிப்பு என்று போகும். அப்படி ஆனால் பாத்திரம் கழுவும் சோப்பால் மருந்தைக் கழுவிவிட்டு உடனே டாக்டரிடம் ஓடுங்கள், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பூனை இருக்கும் வீட்டில் நாய்க்கு உண்ணிக்கு மாத்திரை கொடுப்பது நிம்மதி, டாக்டரிடம் பூனை இருப்பதைச் சொல்லிக் கேளுங்கள். பாராசிட்டமாலும் பூனைக்கு விஷம்தான், பேச்சோடு பேச்சாகச் சொல்லிவைக்கிறேன்.

தடுப்பூசி. தெருக் குட்டி என்றால் பார்வோ (குட்டிகளை வாந்தி பேதியில் சாய்க்கும் வைரஸ்) பயம் இருக்கிறது, இப்போது சுற்றுகிற பார்வோ வகைகள் பூனையையும் தொற்றக் கூடியவை. உங்கள் பூனைக்கான ஊசியெல்லாம் நாள் தவறாமல் போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், வீட்டுக்குள்ளேயே இருக்கிற பூனைக்கு எதற்கு என்று விட்டிருந்தால் போட்டு முடித்த பிறகு குட்டியைக் கொண்டுவாருங்கள். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, பதினாறு வாரம் வரைக்கும். வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில், பிறகு வருடா வருடம். இடையில் அது விளையாட்டாகப் பையனைக் கடித்தாலோ கீறினாலோ, குட்டிதானே என்று விடாமல் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவி அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். உங்களுக்குப் பக்கத்தில் நல்ல டாக்டர் இல்லையென்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது, 1903இல் தொடங்கிய கல்லூரி, கூட்டம் இருக்கும், ஆனால் பார்க்கிறவர்கள் தெரிந்து பார்க்கிறார்கள். மாநகராட்சி உரிமமும் வாங்கிவிடுங்கள், ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம், வெறிநோய் ஊசிச் சான்றிதழும், நாயின் தோலுக்கடியில் வைக்கிற அடையாள மைக்ரோசிப்பும் வேண்டும், கட்டணம் 50 ரூபாய்தான், வாங்காமல் மாட்டினால் 5,000 ரூபாய் அபராதம். அசோசியேஷன்காரர்கள் நாயே கூடாது என்றால், அப்படித் தடை போட அவர்களுக்கு அதிகாரமில்லை என்று விலங்குகள் நல வாரியம் 2015இலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆனால் லிஃப்ட்டில் சுருக்கமாகச் செயினைப் பிடித்துக்கொண்டு, கீழே போனதைக் கவரில் எடுத்துப் போட்டால் பாதிச் சண்டை வரவே வராது.

தீபாவளிக்கு முன்பின் இரண்டு வாரத்தில் மட்டும் புது நாயைக் கொண்டுவராதீர்கள். வெடிச் சத்தத்தில் இரண்டும் மிரண்டு, அந்தப் பயத்தை ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டுக்கொள்ளும்.

என் வீட்டில் இப்போது இருக்கிற பூனையும் நாயும் ஆறு வருடமாகச் சேர்ந்து இருக்கின்றன. ஒரே பாயில் படுத்தது ஒரே ஒரு தடவை, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் இரண்டு நாள் கரண்ட் இல்லாதபோது. கரண்ட் வந்ததும் பூனை எழுந்து ஃபிரிட்ஜ் மேலே போய்விட்டது. நான் இதை வெற்றிக் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

உங்கள் பார்க்கிங் குட்டிக்கு வருவோம். வயது எத்தனை வாரம் என்று எழுதவில்லை. வாயைத் திறந்து பாருங்கள், பால் பல் இப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தால் ஒரு மாதத்துக் குட்டி, இன்னும் ஒரு மாதம் தாயிடமே இருக்கட்டும். எட்டு வாரத்துக்கு முன் பிரித்தால் கடியை அளவோடு கடிக்கக் கற்றுக்கொள்ளாமல் வரும், அதன் கஷ்டம் உங்கள் பூனைக்குத்தான். அந்த ஒரு மாதத்தில் பையனோடு தினமும் கீழே போய் ஐந்தையும் கவனியுங்கள், முதலில் பாய்ந்து வருகிற குட்டியை எடுக்காதீர்கள், நடுவில் இருக்கிற, தூக்கினால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுகிற குட்டி நல்லது. ஒன்று மட்டும் எடுங்கள், ஜோடியாக இருக்கட்டும் என்று இரண்டு வேண்டாம். அதே நேரத்தில் ஒரு வளர்ந்த நாயையும் எங்கேயாவது போய்ப் பாருங்கள், மனது மாறினாலும் மாறலாம். அப்புறம் தாய் நாய்க்குக் கருத்தடைக்கு ஏற்பாடு செய்துவிடுங்கள், குட்டிகள் பால் மறந்ததும் மாநகராட்சிக்கோ ப்ளூ கிராஸுக்கோ சொன்னால் வருவார்கள். இல்லையென்றால் ஆறேழு மாதத்தில் அதே பார்க்கிங்கில் இன்னொரு ஐந்து, பையன் மறுபடி உங்கள் சேலையைப் பிடித்து இழுப்பான்.